44,000 டாலர் டெமரேஜ் கோரிக்கை: மழைநேரம் எழுதாத எஸ்.ஓ.எஃப்.பை வைத்து என்ன செய்வது?

முத்துநகர் வணிகன் — ஜனவரி 6, இரவு 9.40

வணக்கம். தூத்துக்குடியில் நிலக்கரி வாங்கி விற்கும் மூன்று சிறு வியாபாரிகள் நாங்கள். இத்தனை காலமும் பெரிய இறக்குமதியாளர்களிடம் ஐநூறு டன், ஆயிரம் டன் என்று பிரித்து வாங்கிக்கொண்டிருந்தோம். சென்ற நவம்பரில்தான் முதன்முறையாக மூவரும் சேர்ந்து இந்தோனேசியாவிலிருந்து ஒரு முழுக் கப்பல் சரக்கு, 52,500 டன், சி.எஃப்.ஆர். விலையில் (கப்பல் கூலியும் சேர்ந்த விலை) வாங்கினோம். கப்பலை அமர்த்தியவர் விற்பனையாளர். இங்கே இறக்குவது எங்கள் பொறுப்பு.

இப்போது அவர் 44,000 டாலர் டெமரேஜ் (குறித்த நேரத்தில் இறக்கி முடிக்காததற்கான தாமதக் கட்டணம்) கேட்டுக் கணக்கு அனுப்பியிருக்கிறார். அதைக் கட்டினால் இந்தக் கப்பலில் எங்களுக்கு மிஞ்சுவது எதுவும் இல்லை.

ஒப்பந்தப்படி இறக்கும் வேகம் "வானிலை இடம்தரும் நாள்" ஒன்றுக்கு 10,500 டன். ஞாயிறு, விடுமுறையும் கணக்கில் சேரும். ஆக ஐந்து நாள். டெமரேஜ் நாளுக்கு 16,000 டாலர். என்.ஓ.ஆர். (கப்பல் வந்து தயாராக இருக்கிறது என்ற அறிவிப்பு) கொடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் லேடைம் (இறக்குவதற்கு எங்களுக்குள்ள நேரம்) ஓடத் தொடங்கும். கப்பல் வெள்ளி இரவு 10.30க்கு நங்கூரமிட்டு என்.ஓ.ஆர். கொடுத்தது. திங்கள் காலை 6 மணிக்குப் பெர்த்துக்கு (சரக்கு இறக்கும் துறைமேடை) வந்தது. அடுத்த ஞாயிறு அதிகாலை 4.30க்கு இறக்கி முடித்தோம். சனி காலை 10.30 முதல் கணக்கிட்டு ஏழு நாள் பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது என்கிறார். இடையில் நல்ல மழை பெய்தது. ஒரு கிரேனும் பழுதானது. எதையும் கழிக்கவில்லை. எஸ்.ஓ.எஃப்.பில் (துறைமுகத்தில் நடந்ததை நேரத்தோடு எழுதும் தாள்) மழை பற்றி "இடையிடையே மழை" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எங்கள் பையன் அதில் கையெழுத்தும் போட்டுவிட்டான். எங்கிருந்து தொடங்குவது?

லேடைம் கணக்கன் — ஜனவரி 6, இரவு 11.15

அண்ணாச்சி, சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டாக இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் கோரிக்கையில் எதையும் கழிக்காமல் அனுப்புவது வழக்கம்தான். யாராவது கேட்காமலே கட்டிவிடமாட்டார்களா என்ற எண்ணம். பயப்பட வேண்டாம்.

நாளைக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: கோரிக்கை கிடைத்தது, எங்கள் உரிமைகள் அனைத்தையும் நிறுத்திவைத்துக்கொண்டு பரிசீலிக்கிறோம், சார்ட்டர்பார்ட்டி (கப்பலை அமர்த்திய ஒப்பந்தம்) நகலும் என்.ஓ.ஆர்., எஸ்.ஓ.எஃப். நகல்களும் வேண்டும். அவ்வளவுதான். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

அடுத்து ஒரு முக்கியமான விஷயம். உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் கொள்முதல் ஒப்பந்தம். விற்பனையாளருக்கும் கப்பல்காரருக்கும் இடையிலான சார்ட்டர்பார்ட்டி வேறு காகிதம். கொள்முதல் ஒப்பந்தம் தனியாக லேடைம், டெமரேஜ் விதிகளைச் சொல்லியிருந்தால், விற்பனையாளர் கப்பல்காரருக்குக் கொடுத்ததைவிட அதிகமாகக்கூட உங்களிடம் கேட்க முடியும். "சார்ட்டர்பார்ட்டிப்படி" என்று இருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டாமல் அவர் பேச முடியாது. உங்களுடையதில் எப்படி இருக்கிறது? ஜென்கான் (பரவலாகப் பயன்படும் மாதிரிச் சார்ட்டர்பார்ட்டி) படிவமா?

நங்கூரம் — ஜனவரி 7, காலை 6.05

முப்பத்தொரு ஆண்டு கடலில் இருந்தவன். கடைசி ஒன்பது ஆண்டு மாஸ்டர் (கேப்டன்).

தம்பி, உங்கள் பையனைத் திட்டாதீர்கள். அந்தக் கையெழுத்து எப்படிப் போடப்படும் என்று எனக்குத் தெரியும். அதிகாலை ஐந்து மணி. கடைசி கிராப் (கிரேனின் அள்ளுவாளி) எடுத்தாகிவிட்டது, ஹேட்ச் (சரக்கறை மூடி) மூடுகிறார்கள். பைலட் ஆறு மணிக்கு. கப்பல் அலுவலகத்தில் ஏஜெண்ட் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஆறு நாள் நிகழ்வுகளை ஒரே மூச்சில் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். சீஃப் ஆபீசர் டிராஃப்ட் சர்வே முடித்துவிட்டுச் சேறும் கரித்தூளுமாக வந்து நிற்பார். யாருக்கும் தூக்கம் இல்லை. "மழை எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "இடையிடையே" என்று எழுதி முடித்துவிடுவார்கள். எல்லாரும் கையெழுத்திடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்கு இப்போது நீங்கள் விலை கேட்கப்படுகிறீர்கள்.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுத எவருக்கும் உரிமை உண்டு. "மழைநேரங்கள் முழுமையாகப் பதிவாகவில்லை, எங்கள் பதிவின்படி திருத்தத்துக்கு உட்பட்டுக் கையெழுத்திடுகிறேன்." இந்த வரியைத் தாளில் அச்சடித்துப் பையன் கையில் கொடுத்துவைக்க வேண்டும். மாஸ்டர் மறுக்கமாட்டார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இனி செய்யக்கூடியது: கப்பலின் டெக் லாக் (அன்றாட நிகழ்வுப் பதிவு) புத்தகத்தின் அந்த நாள்களுக்கான பக்கங்களைக் கேளுங்கள். மழை வந்தால் ஹேட்ச் மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் காவல் பார்க்கும் அதிகாரி அப்போதே எழுதுவார். எஸ்.ஓ.எஃப். பிறகு நினைவுபடுத்தி எழுதியது, லாக் அந்த நேரத்தில் எழுதியது. நடுவர் முன் போனால் லாக்குக்குத்தான் மதிப்பு. நங்கூரத்தில் நின்ற நாள்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

முத்துநகர் வணிகன் — ஜனவரி 8, மாலை 7.20

இருவருக்கும் மிக்க நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். எங்கள் ஒப்பந்தத்தில் வேகமும் டெமரேஜ் வீதமும் இருக்கின்றன, "பிற விதிகள் சார்ட்டர்பார்ட்டிப்படி" என்றும் இருக்கிறது. சார்ட்டர்பார்ட்டி ஜென்கான் 1994 படிவம் என்று விற்பனையாளரே ஒப்புக்கொண்டார்.

ஐயா சொன்னபடி தேடினேன். ஸ்டீவடோர் (சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரர்) ஃபோர்மேன் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு தாள் எழுதியிருக்கிறார். கார்பன் நகல், கரி அப்பிய விரல்ரேகையுடன். செவ்வாய் மதியம் 2 முதல் இரவு 8 வரை மழை, வேலை நிறுத்தம். புதன் அதிகாலை 2 முதல் 7.30 வரை. புதன் காலை 8 முதல் நள்ளிரவு வரை மூன்றாம் கிரேன் பழுது. சனிக்கிழமை எட்டு மணி நேரம் அதே கிரேன் மறுபடி நின்றது. வெள்ளி இரவு 7 முதல் சனி அதிகாலை 3 வரை கனமழை. எல்லாம் மணியோடு இருக்கிறது. ஃபோர்மேன் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கிரேன் பழுது பற்றி எஸ்.ஓ.எஃப்.பிலும் நேரம் இருக்கிறது.

லேடைம் கணக்கன் — ஜனவரி 8, இரவு 10.50

இப்போது கணக்குப் போடலாம். ஐந்து நாள் லேடைம் சனி காலை 10.30க்குத் தொடங்கினால், எதுவும் கழியாவிட்டால் வியாழன் காலை 10.30க்கு முடியும்.

நங்கூரத்திலிருந்து பெர்த்துக்கு நகர்ந்த நேரம் ஜென்கான் 6ஆம் விதிப்படி லேடைமில் சேராது. எப்போது நங்கூரம் எடுத்தார்கள் என்று பாருங்கள். 3.30 என்றால் இரண்டரை மணி நேரம். செவ்வாய் மழை ஆறு மணி, புதன் மழை ஐந்தரை மணி. நான்கில் ஒரு கிரேன் பதினாறு மணி நேரம் நின்றதால் விகிதப்படி நான்கு மணி. அந்த விகித விதி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கப்பல் நங்கூரத்தில் காத்திருந்தபோது மழை பெய்ததா? உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது "வானிலை இடம்தரும் நாள்". பிம்கோ என்ற கப்பல் தொழில் சங்கமும் மற்ற அமைப்புகளும் 2013இல் வெளியிட்ட லேடைம் வரையறைகளின்படி, முறைக்காகக் காத்திருக்கும் கப்பலுக்கும் இது பொருந்தும். வேலை நடந்திருந்தால் மழை தடுத்திருக்குமா என்பதுதான் கேள்வி. ஆகவே அந்த மழையும் கழியும். "மழையால் வேலை தடைப்பட்ட நேரம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது, ஏனென்றால் நங்கூரத்தில் தடைப்பட வேலையே இல்லை. ஒப்பந்தச் சொல் ஒன்று மாறினால் இவ்வளவு பணம் மாறுகிறது.

வெள்ளி இரவின் எட்டு மணி நேர மழையை மறந்துவிடுங்கள், அண்ணாச்சி. அதற்குள் லேடைம் முடிந்திருக்கும். டெமரேஜ் ஓடத் தொடங்கிவிட்டால் மழையோ விடுமுறையோ நிறுத்தாது. இதைக் கேட்கப் போனால் மற்ற நியாயமான கோரிக்கைகளின் மேலும் சந்தேகம் வரும். ஆனால் சனிக்கிழமை கிரேன் பழுது கப்பல்காரர் பக்கத்துக் குறை. "டெமரேஜ் நேரத்திலும்" என்று விதி சொன்னால் அது கழியும்.

கரைக்காவலன் — ஜனவரி 9, பிற்பகல் 2.10

நான் ஸ்டீவடோர் மேற்பார்வை வேலையில் இருப்பவன். மழையைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். மழையும் கிரேனும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரு நாள் போல. நீங்கள் தாமதித்தது ஏறத்தாழ மூன்று நாள். மீதி எங்கே போனது?

லாரியில் போனது. கணக்குப் பாருங்கள். நாளுக்கு 10,500 டன் இறக்க வேண்டும். லாரிக்கு 25 டன் என்றால் 420 நடை. மணிக்கு பதினேழு, பதினெட்டு நடை. யார்டுக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப இரண்டு மணி நேரம் என்றால் எப்போதும் முப்பத்தைந்து லாரி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுநர் சாப்பிட, டயர் மாற்ற என்று இன்னும் பத்து. நீங்கள் எத்தனை வைத்திருந்தீர்கள்?

லாரி இருந்தாலும் எடைமேடை ஒன்றுதானே? ஒவ்வொரு நடைக்கும் வெற்றெடை, சரக்கெடை என இரண்டு முறை ஏற்றினால் மணிக்கு முப்பத்தைந்து எடை. ஓர் எடைக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு இருபதுக்கு மேல் போகாது. ஹாப்பருக்கு (கரியை லாரியில் கொட்டும் தொட்டி) கீழே லாரி இல்லை, மேலே கிராப் காற்றில் தொங்குகிறது, கிரேன் ஓட்டுநர் தேநீர் குடிக்கிறார். இதைத்தான் நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். வெற்றெடையை ஷிஃப்டுக்கு ஒருமுறை மட்டும் எடுத்தால் மேடையின் சுமை பாதியாகிவிடும். அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

முத்துநகர் வணிகன் — ஜனவரி 9, இரவு 8.30

இருபத்தெட்டு லாரி. ஒரு மேடை. நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை.

மணலி அக்கா — ஜனவரி 11, காலை 10.25

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கண்டெய்னரில் பருப்பு இறக்குமதி செய்கிறேன், சென்னை வழியாக. மாதிரிப் பரிசோதனைக்காகப் பதினோரு நாள் நின்றது. கப்பல் நிறுவனம் டிடென்ஷன் (கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) கேட்கிறது, கண்டெய்னர் நிலையம் தரைவாடகை கேட்கிறது. என் தவறு எதுவும் இல்லை. இந்தக் கணக்குகள் எனக்கும் உதவுமா?

லேடைம் கணக்கன் — ஜனவரி 11, பகல் 12.40

இல்லை அக்கா. டெமரேஜ் என்ற பெயர் இரண்டிலும் வந்தாலும் உங்களுடையது வேறு பாதை. தவறு இல்லை என்பது இங்கே அவ்வளவு தூரம் எடுபடாது. சென்னைத் துறைமுகம் அமின்சந்த் பியாரிலால் மீது தொடர்ந்த வழக்கில், இறக்குமதியாளர் மீது குறை இல்லாவிட்டாலும் துறைமுகம் டெமரேஜ் (இங்கே சரக்கு கிடந்ததற்கான கட்டணம்) வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே சொல்லிவிட்டது. சுங்கத்துறை பிடித்துவைத்த சரக்குக்கு வாடகை வாங்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் சுங்கப் பகுதிச் சரக்குக் கையாளல் விதிகளில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் "பிற சட்டங்களுக்கு உட்பட்டு" என்ற சொற்களும் அதில் உண்டு. சுங்கத்துறையின் எழுத்துப்பூர்வமான சான்று இல்லாமல் கண்டெய்னர் நிலையத்தார் பேசவே மாட்டார்கள். அதை முதலில் வாங்குங்கள்.

அடுத்த முறை பரிசோதனை நீளும் என்று தெரிந்த அன்றே சுங்கச் சட்டம் 49ஆம் பிரிவின்படி சரக்கைக் கிடங்குக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பருப்பு கிடங்கில் காத்திருக்கட்டும். கண்டெய்னர் காலியாகத் திரும்பிய அன்றோடு டிடென்ஷன் மீட்டர் நின்றுவிடும். மேற்கொண்டு பேச உங்களுக்கென்று தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

கொச்சித்துறை — ஜனவரி 12, மாலை 5.00

என்.ஓ.ஆர். செல்லுமா என்று யாரும் கேட்கவில்லையே? நங்கூரமிட்ட இடம் துறைமுக எல்லைக்குள்தானா? எல்லைக்கு வெளியே கொடுத்த என்.ஓ.ஆர். செல்லாது. செல்லாத என்.ஓ.ஆர். பிறகு தானாக உயிர் பெறவும் செய்யாது. தானாக உயிர் பெறாது என்பதுதான் 'மெக்சிகோ 1' கப்பல் வழக்கில் 1990இல் வந்த தீர்ப்பு.

லேடைம் கணக்கன் — ஜனவரி 12, இரவு 9.35

சரியான கேள்வி. ஆனால் அதன் மறுபக்கத்தை உங்கள் ஊருக்கு வந்த கப்பலே காட்டியிருக்கிறது. 'ஹேப்பி டே' 1998இல் ஒடெசாவிலிருந்து கோதுமையோடு கொச்சிக்கு வந்தது. ஓதம் தவறியதால் உள்ளே போக முடியாமல் வெளியிலிருந்தே என்.ஓ.ஆர். கொடுத்தது. பெர்த்துக்குப் போன பிறகு புதிதாக ஒன்று கொடுக்கவில்லை. இறக்க மூன்று மாதம் ஆனது. என்.ஓ.ஆர். செல்லாது, லேடைமே தொடங்கவில்லை என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 2002இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. என்.ஓ.ஆர். வந்தது தெரிந்தும் எந்த ஆட்சேபமும் எழுதாமல் இறக்கத் தொடங்கினார்கள், ஆகவே இறக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து லேடைம் ஓடும் என்றது. ஆட்சேபம் இருந்தால் முதல் கிராப் இறங்கும் முன்பு எழுத வேண்டும். அண்ணாச்சி, நங்கூரமிட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை என்.ஓ.ஆர்.இல் இருக்கும். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

முத்துநகர் வணிகன் — ஜனவரி 14, காலை 11.10

பார்த்தேன். எல்லைக்குள்தான். அதை விட்டுவிடுகிறேன்.

டெக் லாக் பக்கங்கள் வந்துவிட்டன. ஃபோர்மேன் தாளோடு பத்து நிமிட வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன. நங்கூரம் எடுத்தது 3.30. ஞாயிறு பகல் 1 முதல் 5 வரை மழை என்றும் இருக்கிறது! இரண்டு கிரேன் விதிகளும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

ஆக 2.30 + 4.00 + 6.00 + 5.30 + 4.00, மொத்தம் 22 மணி. லேடைம் முடிவது வெள்ளி காலை 8.30. அதிலிருந்து ஞாயிறு 4.30 வரை 44 மணி. சனிக்கிழமைக் கிரேனுக்கு இரண்டு மணி போக 42 மணி, ஒன்றே முக்கால் நாள். 28,000 டாலர். சரியா?

இன்னொரு கேள்வி. ஒப்பந்தப்படி 90 நாளுக்குள் எல்லா ஆவணங்களோடும் கோரிக்கை வர வேண்டும். அவர் அனுப்பியதில் என்.ஓ.ஆர். நகல் இல்லை. நான் கேட்டும் ஏஜெண்டிடமிருந்துதான் எனக்குக் கிடைத்தது. 90ஆம் நாள் பிப்ரவரி நடுவில் வருகிறது. பேசாமல் இருந்துவிடலாமா?

லேடைம் கணக்கன் — ஜனவரி 14, பகல் 1.30

கணக்கு சரி.

பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. காலவரம்பு விதியை இருவரும் படித்துத்தான் கையெழுத்திட்டீர்கள். நீங்கள் ஏற்கனவே எழுத்தில் கேட்டும் அவர் அனுப்பவில்லை. இலட்சக்கணக்கான டாலர் கோரிக்கைகள் ஒரு தாள் குறைந்ததால் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை மோசடி என்று யாரும் சொன்னதில்லை.

நங்கூரம் — ஜனவரி 14, மாலை 6.45

கணக்கன் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கப்பல் உண்மையில் காத்துக்கிடந்தது. இருபத்தெட்டு லாரி என்று நீங்களே சொன்னீர்கள். அந்த ஒன்றே முக்கால் நாள் உங்களுடையது. அதை ஒரு நகல் தாளைக் காட்டித் தட்டிக்கழித்தால், அடுத்த கப்பலுக்கு அந்த விற்பனையாளர் உங்களுக்கு என்ன விலை சொல்வார்? கப்பல்காரருக்குச் சரக்கின் மேல் பிடிமான உரிமை ஜென்கானிலேயே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த முறை பணம் வரும்வரை நிலக்கரியை இறக்கவிடமாட்டேன் என்று நிற்பார்கள். உழைப்பால் வந்த பெயரை இப்படிச் செலவழிக்காதீர்கள், தம்பி.

முத்துநகர் வணிகன் — பிப்ரவரி 19, இரவு 9.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். முடிந்துவிட்டது.

மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஐயா சொன்னதையே எடுத்துக்கொண்டோம். ஜனவரி கடைசியில் எங்கள் கணக்கையும் ஃபோர்மேன் தாள்களையும் லாக் பக்கங்களையும் இணைத்து 28,000 என்று அனுப்பினேன். ஞாயிறு மழையை மட்டும் அவர் ஏற்கவில்லை. நங்கூரத்தில் நின்ற கப்பலுக்கு மழை எதற்கு என்று வாதிட்டார். கணக்கன் சொன்ன வரையறையை அனுப்பிய பிறகு பாதிக்கு இறங்கிவந்தார். கடைசியில் 29,000க்கு ஒப்புக்கொண்டு, இதற்கு மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டினோம். டன் விகிதப்படி மூவரும் பிரித்துக்கொண்டோம்.

அடுத்த கப்பல் மார்ச்சில் வருகிறது. வேகத்தை 8,000 டன்னாகக் குறைத்துக் கேட்டேன். ஐந்து நாளுக்குப் பதில் ஆறரை நாளுக்கு மேல் கிடைக்கிறது. டன்னுக்குச் சில சென்ட் விலை கூட்டினார், பரவாயில்லை. 45 லாரிக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஷிஃப்டுக்கு ஒரு வெற்றெடை என்பதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பையனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கப்பல் நங்கூரமிட்ட நிமிடத்திலிருந்து மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம், ஹேட்ச், கிரேன். தினமும் மாலை அதைப் படமெடுத்து ஏஜெண்டுக்கும் விற்பனையாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கரைக்காவலன் — பிப்ரவரி 20, காலை 7.15

நல்லது அண்ணாச்சி. நோட்டில் இன்னொரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: ஹாப்பருக்குக் கீழே லாரி இல்லாமல் நின்ற நேரம். அது உங்களுக்கு எதிரான கணக்குதான், விற்பனையாளருக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் அதை எழுதாமல் எத்தனை லாரி போதும் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. 45 போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஷிஃப்ட் மாறும் முக்கால் மணி நேரத்தில் பாதி லாரி வெளிவாசல் தேநீர்க் கடையில் நிற்கும். அந்த நேரத்துக்கு மட்டும் பத்து வண்டி தனியாகப் பேசிவையுங்கள். கப்பல் வரும் தேதி உறுதியானதும் எழுதுங்கள், முதல் ஷிஃப்டில் நான் வந்து நிற்கிறேன்.